கூடுதல் பொறுப்பும் மாட்டு டாக்டரின் மனமும்

கால்நடை மருத்துவர்களின் மனநலம் பற்றி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடந்த 20 ஆண்டுகளாக நிறைய எழுதப்பட்டு வருகிறது. அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை நாய், பூனை பார்க்கும் தனியார் மருத்துவர்களைப் பற்றியவை. அடிக்கடி கருணைக்கொலை செய்ய நேர்வதன் பாரம், படிப்புக்காக வாங்கிய கடன், செல்லப்பிராணி வளர்ப்போரின் கோபம் ஆகியவையே அவற்றில் காரணங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டில் ஓர் ஊரகக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, அவர்கள் விவரிக்கும் சோர்வு நன்கு தெரிந்ததாகவும், அதற்கு அவர்கள் காட்டும் காரணங்கள் வேறு யாருடைய வாழ்க்கையையோ சேர்ந்தவையாகவும் தோன்றுகின்றன. எங்கள் சோர்வின் காரணங்களை எங்கள் தொழுவங்களிலும் எங்கள் பணி ஆணைகளிலும்தான் தேட வேண்டும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளைப் பரிசீலித்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்நாட்டுப் பொதுமக்களோடு ஒப்பிட, இறப்புகளில் தற்கொலையின் பங்கு ஆண் கால்நடை மருத்துவர்களிடம் 2.1 மடங்காகவும் பெண் கால்நடை மருத்துவர்களிடம் 3.5 மடங்காகவும் இருந்ததாக அது சொல்கிறது. அந்த எல்லைக்குப் போகாமல், ஆனால் அதை நோக்கிய பாதையில் நெடுங்காலம் நடப்பவர்களைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். பணிச்சோர்வை அளக்கும் முறையை வகுத்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் உண்டு என்றார்: உள்ளம் வற்றிப்போதல், யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களிடம் ஒட்டாமல் போதல், தன் வேலையால் ஒரு பயனும் விளையவில்லை என்ற எண்ணம் ஊன்றிவிடுதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இதை நோயாகக் கருதவில்லை. பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவாகவே வரையறுக்கிறது. அந்த வரையறையை எங்கள் துறையில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை என்று சொன்னால் மிகையாகிவிடும். படித்தவர்கள் அதில் ‘பணியிடத்தில்’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

விலங்குகளைக் காப்பதற்காகத் தொழிலுக்கு வந்தவர்கள், பிழைக்கக்கூடிய விலங்குகளைக் கொல்ல வேண்டி வரும்போது படும் தனிவகையான வேதனையைப் பற்றி பெர்னார்ட் ரோலின் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1980களிலேயே எழுதினார். சரி என்று தான் நம்புவதற்கும் தான் செய்ய வேண்டியிருப்பதற்கும் இடையே அகப்பட்டுக்கொண்டவரின் வேதனை அது. ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடாது என்றார் அவர். எங்கள் தொழுவங்களிலும் அதே வேதனை உண்டு, ஆனால் தலைகீழாக. சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கறவை மாடு பெரும்பாலும் மறுபடி எழுந்து நிற்பதில்லை. தார்ப்பாய் நிழலில், வைக்கோல் பரப்பிய தரையில் அதைக் கிடத்தி, நான்கு பேர் சேர்ந்து பக்கம் மாற்றிப் போடுவார்கள். சில நாள்களில் தோல் அழுத்தப் புண்ணாகி ஈ மொய்க்கத் தொடங்கும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, மீட்க முடியாத வேதனையில் இருக்கும் விலங்கின் உயிரை முடித்துவிட வழி தருகிறது. ஆனால் வீட்டு லட்சுமி என்று மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்ட மாட்டின் முன் நின்றுகொண்டு அந்தப் பிரிவைப் பற்றி யாரிடம் பேசுவது? “தானா போகட்டும் டாக்டரம்மா, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்” என்பார்கள். அவர்கள் சொல்வதில் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் போய், வலி குறைக்க ஓர் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றிவிட்டு, அந்தக் கண்களைப் பார்க்காமல் திரும்பி வருவதுதான் எங்கள் பங்கு.

இரவு அழைப்புகளைப் பற்றி இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்று முன்னங்கால்களும் தலையும் முதலில் வரும்படி பிறக்க வேண்டும். கழுத்து பின்னோக்கி மடங்கிவிட்டாலோ கன்று குறுக்கே கிடந்தாலோ, மாடு எவ்வளவு முக்கினாலும் வெளியே வராது. வீட்டுக்காரர்கள் முதலில் தாங்களே கயிறு கட்டி இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த ஒருவரை அழைப்பார்கள். அவரும் கைவிட்ட பிறகுதான் எங்களுக்குத் தொலைபேசி வரும். அதற்குள் பனிக்குட நீர் வற்றி, பாதை வீங்கி, கன்று பெரும்பாலும் இறந்துபோயிருக்கும். கைபேசி வெளிச்சத்தில், சாணமும் இரத்தமும் கலந்த தரையில் படுத்துக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, இறந்த கன்றைக் கம்பியால் அறுத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். மாடு முக்கும் ஒவ்வொரு முறையும் அதன் இடுப்பெலும்புக்கும் கன்றின் எலும்புக்கும் நடுவே கை நசுங்கி மரத்துப்போகும். இரண்டு மணி நேரம், சில சமயம் மூன்று மணி நேரம் ஆகும். மாடு பிழைத்துவிட்டால் அந்தக் களைப்பு தெரியாது. அந்த விடியற்காலைத் தேநீரின் ருசியை என் உடன் படித்த யாரும் மறுக்கமாட்டார்கள்.

மாடு பிழைக்காமல் போனால் நடப்பதுதான் மனத்தில் தங்குகிறது. அந்த வீட்டில் சொசைட்டிக்கு ஊற்றும் பாலிலிருந்துதான் மகளிர் குழுக் கடனின் தவணை போயிருக்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்துதான் போயிருக்கும். மாடு காப்பீடு செய்யப்பட்டிருந்தால், காதுவில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு, இரவு முழுவதும் காப்பாற்றப் போராடிய அதே மாட்டைக் காலையில் அறுத்துப் பிரேதப் பரிசோதனை செய்து சான்றிதழ் எழுத வேண்டியவரும் அதே மருத்துவர்தான். மனித மருத்துவத்தில் பொதுவாக இந்த இரண்டு வேலைகளையும் ஒருவர் கையிலேயே கொடுக்கமாட்டார்கள். அதை முடித்துக் கை கழுவும் நேரத்தில், மருந்தக வாசலில் சினை ஊசிக்காக ஐந்தாறு மாடுகள் கட்டப்பட்டிருக்கும். தாமதமாக வந்ததற்கான முணுமுணுப்பும் காத்திருக்கும்.

கோமாரித் தடுப்பூசிக் காலத்தில் இதே மனநிலை ஊர் அளவுக்கு விரிகிறது. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு இருமுறை மாடுகளுக்கும் எருமைகளுக்கும் தடுப்பூசி போடுகிறோம். மாடுகள் மேய்ச்சலுக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைச் செயலியில் ஏற்ற வேண்டும். மாலையில் இலக்கு எவ்வளவு, முடித்தது எவ்வளவு என்று கேட்பார்கள். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் பால் குறைவது இயல்பு, ஆனால் அந்த ஓரிரு நாளும் வசவு எங்களுக்குத்தான். அதன்பின் இரண்டு மாதம் கழித்து எந்தக் காரணத்தால் ஒரு மாடு கருச்சிதைந்து கன்று வீசினாலும் அந்தப் பழியும் ஊசியின் கணக்கில் ஏறும். நோய் வராமல் போனதற்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றாது என்பது தடுப்பு மருத்துவத்தின் பொதுவான விதி. எங்களுக்கு அதோடு, மடியில் பால் குறைந்த மாட்டின் சொந்தக்காரர் எதிரே நிற்கிறார்.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ள முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஐந்தரை ஆண்டுப் படிப்பும், அதில் அடங்கிய உள்ளுறைப் பயிற்சியும், மூத்தவர்களின் கதைகளும் இதற்குத்தான் எங்களைத் தயார்செய்தன. தாங்க முடியாமல் ஆக்குவது ஒற்றை வரியில் வரும் ஓர் ஆணை. பக்கத்து மருந்தகத்தில் மருத்துவர் பணியிடம் காலியானால், ‘மறு ஆணை வரும்வரை கூடுதல் பொறுப்பு’ என்று நமக்கு அது வந்து சேரும். 5,000 கால்நடை அலகுகளுக்கு (ஆடு, கோழிகளையும் மாட்டுக் கணக்காக மாற்றி எண்ணும் அளவு அது) ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய விவசாய ஆணையம் 1976இல் பரிந்துரைத்தது. கூடுதல் பொறுப்பு பார்க்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்த எண்ணைக் கேட்டதும் சிரிப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று பிரித்துக்கொண்டால், இரண்டு ஊர்களிலும் ‘எப்போதும் இல்லாத டாக்டர்’ என்ற ஒரே பெயர் கிடைக்கிறது. விடுப்பு எடுக்க வேண்டுமானால் இரண்டு மருந்தகங்களுக்கும் மாற்று ஆள் காட்ட வேண்டும். காட்டப்படும் ஆளுக்கும் ஏற்கனவே ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கும். இதன் விளைவாக, தன் வேலையை நன்றாகச் செய்த திருப்தி என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. மாஸ்லாக் சொன்ன மூன்றாவது முகம் எங்களிடம் இந்த வழியில்தான் நுழைகிறது.

இரண்டாவது முகத்தை நான் நண்பர்களின் பேச்சில் கண்டிருக்கிறேன். மாட்டுக்காரரின் பெயரும், மாட்டின் பெயரும், அது எத்தனையாவது ஈற்று என்பதும் நினைவில் வைத்திருந்த ஒருவர், சில ஆண்டுகளில் ‘அந்த மடிநோய் கேஸ்’ என்று மட்டும் பேசத் தொடங்குவார். பிறகு எல்லா மாட்டுக்காரர்களும் பொய் சொல்கிறவர்கள் என்பார். பிறகு பேசுவதே குறைந்துவிடும். அவரை அலட்சியக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. அவருக்கு விளக்கக் குறிப்பாணை அனுப்புவது அதைவிட எளிது.

பெண் மருத்துவர்களுக்கு இவற்றின்மேல் இன்னொரு அடுக்கு உண்டு. இரவு 1 மணிக்கு முன்பின் தெரியாத தோட்டத்துக்குத் தனியாகப் போக முடியாது என்பதால் கணவரோ தந்தையோ உறக்கம் கெட்டு உடன் வருகிறார்கள். ஒருவர் வேலைக்கு வீட்டில் இருவர் ஓய்வு இழக்கிறார்கள். போய் இறங்கியதும், “ஆம்பள டாக்டர் யாரும் இல்லீங்களா?” என்ற கேள்வி. கன்றை வெளியே எடுத்துக் காட்டிய பிறகு அந்தக் கேள்வி வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெறிநோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயில் நுரை ஒழுக, இரை எடுக்காமல், குரல் மாறி நிற்கும் மாட்டைப் பார்த்து, தொண்டையில் எதுவோ அடைத்திருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது வழக்கமான பரிசோதனை. சில நாள்களில் மாடு இறந்த பிறகுதான் அது எதுவென்று எல்லோருக்கும் உறைக்கும். முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தாலும், மறுபடி ஊசிகள் போட்டுக்கொண்டாலும், கையில் இருந்த சிறு கீறலை நினைத்துக்கொண்டே குழந்தைக்குச் சோறு ஊட்டும் அந்த வாரங்களின் பயத்தை எந்தப் பணிப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை.

சென்னை, கோவை போன்ற நகரங்களின் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் இளையவர்களின் நிலை வேறு. நெடுநேரப் பணி, குறைந்த தொடக்கச் சம்பளம், நள்ளிரவு வாட்ஸ்அப் படங்கள், கூகுளில் விழும் ஒற்றை நட்சத்திரம் ஆகியவற்றை அவர்களே எழுதுவதுதான் முறை. மேலைநாட்டுக் கட்டுரைகள் என்னைவிட அவர்களுக்கு அதிகம் பொருந்தும்.

தீர்வு என்று எங்களுக்கு வழங்கப்படுவது பெரும்பாலும் யோகாவும் மூச்சுப் பயிற்சியும். ஒருமுறை மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி ஒன்றை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். கூடுதல் பொறுப்பு பார்ப்பவர்களுக்கு வாரத்தில் மிச்சமிருந்த ஒரே நாள் அது. யோகாவைக் குறைசொல்லவில்லை. ஆனால் காலிப் பணியிடத்தால் வந்த சோர்வை மூச்சுப் பயிற்சியால் சரிசெய்யச் சொல்வது, பணியிடத்தின் குறையைப் பணியாளரின் நுரையீரலில் ஏற்றுவதாகும். சங்கக் கூட்டங்களில் பதவி உயர்வும் ஊதிய முரண்பாடும் பேசப்படும் அதே வரிசையில், கூடுதல் பொறுப்புக்கு ஒரு கால வரம்பு வேண்டும் என்பதும், விடுப்புக்கு மாற்று ஆளைக் கண்டுபிடிக்கும் கடமை மருத்துவருடையது அல்ல என்பதும் மனநலக் கோரிக்கைகளாகவே வைக்கப்பட வேண்டும். 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்திகள் சுமையில் ஒரு பகுதியைக் குறைத்திருக்கின்றன; இரவு நேரத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வட்டார அளவில் வந்தால், பல மருத்துவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள்.

சோர்வு தாங்கும் எல்லையைத் தாண்டி, உறக்கம் கெட்டு, வாழ்வதிலேயே பிடிப்பற்றுப் போனவர்கள் ஆணைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இங்கிலாந்தில் வெட்லைஃப் என்ற அமைப்பின் உதவி எண்ணில், இத்துறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் செவிகொடுக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று விரும்புகிறேன். அழுதுகொண்டிருக்கும்போது, கன்றைத் துண்டாக எடுப்பது என்றால் என்ன என்பதை முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அதுவரை நாங்கள் செய்துகொண்டதைச் சொல்கிறேன். அடுத்தடுத்த மூன்று மருந்தகங்களின் மருத்துவர்கள் பேசிவைத்து, இரவு அழைப்புகளை முறைவைத்துப் பிரித்துக்கொண்டோம். மூன்று ஊர்களின் மருந்தகச் சுவர்களிலும் எந்தக் கிழமைக்கு எந்த எண் என்று எழுதி ஒட்டினோம். “எங்க டாக்டருதான் வரணும்” என்று முதலில் சண்டை போட்டவர்கள், எடுக்கப்படும் என்று உறுதியான ஓர் எண் இருப்பது மேல் என்று சில மாதங்களில் ஒப்புக்கொண்டார்கள். சென்ற ஆண்டு எங்களில் ஒருவர் மாறுதலில் போய்விட்டார். அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. அதன் கூடுதல் பொறுப்பு என்னிடம் இருக்கிறது, முறையை இப்போது இருவராக ஓட்டுகிறோம்.