மின்கட்டண உறையில் நான்கு பெயர்கள்

2015 மே மாதம் பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர் பதவியிலிருந்து எட் மிலிபாண்ட் விலகிய அன்றிரவே, மின்கட்டண உறையின் பின்பக்கம் நான்கு பெயர்களை எழுதினேன்: சூக்கா உமுன்னா, ஆண்டி பர்ன்ஹாம், இவெட் கூப்பர், லிஸ் கெண்டல். அடுத்த தலைமைக்கு இவர்கள்தான் நிற்பார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

உமுன்னா போட்டியிடுவதாக அறிவித்து மூன்றே நாளில் விலகிவிட்டார். சரி, ஒரு பெயரை அடித்தேன். ஜூனில் கட்சியின் இடதுசாரி எம்.பி. ஜெரமி கோர்பின் போட்டியிடுவதாக அறிவித்தபோது அவரைச் சேர்க்கவில்லை. வேட்பாளராக, அப்போது கட்சியின் 232 எம்.பி.க்களில் 35 பேர் முன்மொழிய வேண்டியிருந்தது. அவர் பக்கம் அத்தனை பேர் கிடையாது. என் கணக்கில் தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் கொள்கையில் அவரோடு ஒத்துப்போகாதவர்களும், விவாதம் விரிவாக நடக்கட்டும் என்று பெயர் கொடுப்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

முன்மொழிவுக்கு ஜூன் 15, நண்பகல் 12 மணி கெடு. அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிறது, நான் வானொலியை விட்டு நகரவில்லை. கடைசி நிமிடங்களில் எண்ணிக்கை 35-ஐத் தொட்டு, 36-இல் நின்றது. எனக்குக் கை நடுங்கியது. செப்டம்பரில் அவர் 59.5 சதவீத வாக்குகளோடு தலைவரானார்.

அப்புறம் ஒவ்வொரு போட்டியிலும் வேட்பாளரைப் பற்றிப் பிறகுதான் படிக்கிறேன். முன்மொழிய எத்தனை பேர் வேண்டும், இன்னும் யார் பெயர் கொடுக்கவில்லை என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.