வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா சார்?

ஒவ்வொரு ஜூனிலும் எட்டாம் வகுப்புகளுக்குப் போய் என்.சி.சி.க்கு ஆள் சேர்க்கப் பேசுவேன். பன்னிரண்டு வருடமாக ஏறக்குறைய ஒரே பேச்சுதான். 1948-ல் ஆரம்பித்த படை, காக்கி யூனிஃபார்ம் இலவசம், பத்து நாள் கேம்ப், பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் சுடப் பழகலாம், இரண்டு வருடம் முடித்துத் தேர்வு எழுதினால் 'ஏ' சர்ட்டிஃபிகேட், கல்லூரியில் தொடர்ந்து 'சி' வரை போனால் ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே விண்ணப்பிக்க ஒரு வழி உண்டு. பையன்கள் கேட்கும் கேள்விகளும் மாறாது. "மிலிட்டரிக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா சார்?" என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். அப்படி ஒரு கட்டாயமும் சட்டத்தில் இல்லை என்பேன். பூட்ஸ் கடிக்குமா, முடி ஒட்ட வெட்டணுமா, எல்லாவற்றுக்கும் பதில் கைவசம் உண்டு.

இவ்வளவு சொல்லியும் பின் பெஞ்ச் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் கடைசியில், "பரேடு முடிஞ்சதும் பூரி கிழங்கு உண்டு" என்பேன். மொத்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படிச் சொன்னபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரித்தேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். சிரிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "அதெல்லாம் கூடாது தம்பி, இங்கேயே சாப்பிட்டுத்தான் போகணும்" என்றேன். "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த வருடம் 50 இடத்துக்கு 73 பேர் பெயர் கொடுத்தார்கள். அவன் கொடுக்கவில்லை.

நான் சொன்னது தப்பில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் டிரில் செய்த பிள்ளை வெறும் வயிற்றோடு போனால் வழியில் மயங்கி விழும். விழுந்திருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்த டிஃபனே அதற்காகத்தான் தருகிறார்கள். எத்தனை கேடட் வந்தார்களோ அத்தனை பேருக்குத்தான் பில், அதில் கையெழுத்துப் போடுவது நான். ஒருவனுக்குப் பொட்டலம் கட்ட விட்டால் நாளைக்கு ஐம்பது பேரும் கட்டுவார்கள்.

ஆனால் அவன் கூடுதலாக எதுவும் கேட்கவில்லையே. தன் பங்கைத்தான் கேட்டான். இது எனக்கு உறைக்கவே மாதக்கணக்கானது. ஒரு சனிக்கிழமை பரேடு முடிந்து இலைகளைக் கூட்டச் சொல்லிவிட்டு நின்றிருந்தேன். எதிரே சத்துணவுக் கூடம் பூட்டிக் கிடந்தது. எங்கள் பரேடு சனிக்கிழமை. அன்றைக்குச் சத்துணவு கிடையாது. வாரம் முழுக்க மதியம் பள்ளியில் சாப்பிடுகிற ஒரு பையனுக்கு சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் எனக்கே சந்தேகம் வரும். சும்மா கேட்டிருக்கலாம். பதின்மூன்று வயசில் எதைத்தான் கேட்க மாட்டார்கள்? அவனுக்கு என்.சி.சி.யே பிடிக்காமல் இருந்திருக்கலாம். ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஒரு பட்டினியையும், காத்திருக்கும் ஒரு தங்கச்சியையும் நானே உண்டாக்கிக்கொண்டிருக்கிறேனோ? அதுவும் அவனுக்குச் செய்யும் மரியாதைக் குறைவுதான்.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குப் பாடம் எடுத்ததே நான்தான். தினமும் நோட்டைத் திருத்தினேன். கோடு போட்ட மாதிரி எழுத்து, வகுத்தல் கணக்கில் மட்டும் மீதியை எழுத மறந்துவிடுவான். ஒரு வருடம் முழுக்க என் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றான். வகுப்பில் வைத்துக் கேட்க முடியாது. ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் இன்னும் நாலு பேர் காது கொடுப்பார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே வருடம் போய்விட்டது.

நானும் பூரிக்காகத்தான் என்.சி.சி.யில் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசி. மந்தார இலையில் மூன்று பூரி, மேலே மஞ்சள் மஞ்சளாகக் கிழங்கு. சூட்டில் இலை வாடி ஒரு வாசனை வரும், இன்னும் மூக்கில் இருக்கிறது. எனக்கு வீட்டில் ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு ஒன்றை மடித்து எடுத்துப் போகலாம் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. இதை நினைத்தால்தான் தூக்கம் போகிறது. உயரம் பார்க்கிறோம், ஓடவிட்டுப் பார்க்கிறோம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறானா என்று பார்க்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்ட பையனை வரிசைக்கு வெளியே விட்டுவிட்டேன்.

அடுத்த இரண்டு வருடம் பூரியைப் பேச்சிலிருந்தே எடுத்துவிட்டேன். சாப்பாட்டைக் காட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுவது சரியில்லை என்று பட்டது. பெயர் கொடுத்தவர்கள் குறைந்தார்கள், பரவாயில்லை என்றிருந்தேன். எங்கள் பி.டி. சார்தான் ஒருநாள் கேட்டார்: "சார், வசதியான பையனுக்கு அண்ணன் சொல்லித் தெரிஞ்சிடும். பசியோட இருக்கறவனுக்கு யார் சொல்லுவா?" பதில் சொல்ல வரவில்லை எனக்கு. இந்த ஜூனில் மறுபடி சொன்னேன். மறுபடி எல்லோரும் நிமிர்ந்தார்கள். யாராவது அதே கேள்வியைக் கேட்பார்களா என்று மூன்றாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. விதி அப்படியேதான் இருக்கிறது, பில்லில் கையெழுத்தும் நான்தான் போடுகிறேன்.

இப்போது சனிக்கிழமைகளில் இலைக்கட்டுக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் நாலைந்து தாள் வைக்கிறேன். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. பையன்கள் அதில் கை துடைத்துப் போடுகிறார்கள்.