மரக்குற்றி கவிழும் கோணம்: விளிம்பில் மறைந்திருந்த ஒரு பாகை

6 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் கொண்ட தேக்கங்குற்றி ஒன்றைச் சாய்பலகையில் நிறுத்தி, பலகையை மெல்ல உயர்த்தி, கணக்குச் சொல்லும் கோணத்திலேயே கவிழச் செய்யும் முயற்சி ஒருவழியாகக் கைகூடியிருக்கிறது. உயர்தர இணைந்த கணிதத்தில் திணிவு மையத்தை (பொருளின் பாரம் முழுவதும் தாக்குவதாகக் கொள்ளும் புள்ளியை) கடந்து வந்த எவருக்கும் இதன் விடை வாய்ப்பாடம்: எல்லைச் சமநிலையில், அதாவது கவிழும் தறுவாயில், கோணத்தின் தாஞ்சன் (tan) அரை அகலம் 3ஐத் திணிவு மையத்தின் உயரம் 10ஆல் வகுத்த 0.3, கோணம் 16.7 பாகை. ஆனால் திருகோணமலையில் என் வீட்டு விறாந்தையில் கிடக்கும் சாய்பலகையில் அந்தக் குற்றி 15.6 பாகையைத் தாண்டி நிற்க நெடுங்காலம் மறுத்துவந்தது. ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் செய்திருந்தால் கைநடுக்கம் என்று விட்டிருக்கலாம். எப்போதும் ஒரே பக்கமாக, ஒரே அளவாகக் குறைந்தபடியால் விட மனம் வரவில்லை.

கோணத்தைப் பாகைமானியால் அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பலகையின் பிணைச்சலிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் ஒரு கோடு கீறி, அந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்தது என்பதை உருக்கு அடிமட்டத்தால் அளக்கிறேன். 16.7 பாகைக்கு 17.2 செ.மீ. உயர வேண்டும், என் குற்றியோ 16.2 செ.மீ. உயரத்திலேயே விழுந்தது. ஒரு பாகை இங்கே முழுதாக ஒரு சென்ரிமீற்றராகத் தெரிகிறது என்பதால், பிழை அளவுகோலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பலகையைக் கையால் தூக்கினால் சிறு அதிர்விலும் குற்றி முன்கூட்டியே சாய்ந்துவிடும். ஆகவே கப்பியொன்றின் மேலாகக் கயிற்றை விட்டு, அதை ஒரு தடியில் மெதுவாகச் சுற்றி உயர்த்துகிறேன். கயிறு வாங்கக் கடற்றொழில் சாமான் விற்கும் கடைகளே நல்லவை, ஆனால் இந்த வேலைக்குத் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) வேண்டாம். அது இழுபட்டுப் பின் சுருங்குவதால் பலகை துள்ளும். பின்னிய கயிறே ஏற்றது. அதே கடையில் வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டும் ஈயக்குண்டுகளும் கிடைக்கின்றன; நிலைக்குத்துப் பார்க்கும் தூக்குக்குண்டுக்கு அவற்றைவிட மலிவானதும் பாரமானதும் நான் காணவில்லை.

முதலில் சந்தேகம் மரத்தின் மீதுதான் விழுந்தது. ஒரு பக்கம் வைரமும் (முற்றிய உள்மரம்) மறுபக்கம் வெளிறுமாக (இளைய வெளிமரம்) அறுத்த துண்டில் அடர்த்தி சீராக இராது, எனவே திணிவு மையம் வடிவத்தின் நடுவில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் 15.6 பாகையில் கவிழ வேண்டுமானால், அது அடியிலிருந்து 10 செ.மீ. அல்ல, 10.7 செ.மீ. உயரத்தில் இருந்தாக வேண்டும். குற்றியைப் படுக்கவைத்து அடிமட்டத்தின் விளிம்பில் நிறுத்திப் பார்த்தபோது அது நடுக்கோட்டிலேயே சமநிலை கண்டது. அகலத்தின் திசையிலும் அப்படியே. 7 மி.மீ. விலகல் இருந்திருந்தால் இந்தச் சோதனை கட்டாயம் காட்டிக்கொடுத்திருக்கும். வழுக்கலும் காரணமல்ல, ஏனெனில் பலகையில் மரம் தேய்க்கும் தாளை ஒட்டியிருந்தேன். உராய்வுக் குணகம் (பொருள் வழுக்கத் தொடங்கும் கோணத்தின் தாஞ்சன்) 0.3ஐ விட மிக அதிகம். (சைக்கிள் டியூப் இறப்பரை ஒட்டுபவர்கள் கவனிக்க வேண்டும்: கவிழும் தறுவாயில் பாரம் முழுவதும் கீழ் விளிம்புக்கு வந்துவிடுவதால் இறப்பர் அங்கே அமுங்கி, குற்றியைப் பலகையின் சாய்வை விடக் கூடுதலாகச் சாய்த்துவிடும்.)

காரணம் விளிம்பில் இருந்தது. குற்றியை அறுத்துத் தந்த ஓடாவியார், எல்லா விளிம்புகளையும் தேய்த்து மழுக்கியே தந்திருந்தார். "கூர் விளிம்பை அப்பிடியே விட்டா கை கிழிஞ்சிடும் தம்பி" என்றார். தளபாடத்துக்கு அதுதான் முறை. ஆனால் கவிழ்தல் கணக்கில் நாம் எழுதுவது என்ன? சாய்வு கூடக்கூடச் செவ்வன் மறுதாக்கம் (பலகை தன் தளத்துக்குச் செங்குத்தாகக் குற்றியைத் தாங்கும் விசை) கீழ்ப்பக்கமாக நகர்ந்து, இறுதியில் கடைசித் தொடுகைக் கோட்டில் வந்து நிற்கிறது. திணிவு மையத்திலிருந்து இறக்கிய நிலைக்குத்துக் கோடு அதைக் கடந்ததும் குற்றி கவிழ்கிறது. அந்தக் கடைசிக் கோட்டைக் குற்றியின் அகலத்தின் பாதியில், அதாவது 3 செ.மீ.யில், வைத்துக்கொள்ளப் படத்தில் வரைந்த செவ்வகம் நம்மைப் பழக்கியிருக்கிறது. விளிம்பு 2 மி.மீ. ஆரையில் உருண்டிருந்தால், தட்டையான அடி 2.8 செ.மீ.யிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மரம் இருக்கிறது, தொடுகை இல்லை. 2.8ஐ 10ஆல் வகுத்தால் தாஞ்சன் 0.28, கோணம் 15.6 பாகை; உயரம் 16.2 செ.மீ. நான் தேடிக்கொண்டிருந்த எண் அப்படியே வந்து நின்றபோது அடைந்த மகிழ்ச்சி பெரிது. குற்றி கணக்கை மீறவே இல்லை, மிகச் சரியாகவே கீழ்ப்படிந்திருந்தது.

இதைச் சரிசெய்வதில்தான் பொழுதெல்லாம் போயிற்று. உருண்ட பகுதியை நீக்க அடியிலிருந்து 3 மி.மீ. குறைக்க வேண்டும், ஆனால் அது நார் குறுக்கே வெட்டுப்படும் முகம். சீவுளி போட்டால் ஓரத்தில் மரம் சிலும்பாகப் பெயர்ந்துவிடும். எனவே நுண்பல் வாளால் மெல்லிய துண்டொன்றை அறுத்தெடுத்துவிட்டு, தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தேய்க்கும் தாளை ஒட்டி, அதில் முகத்தை உரசினேன். வெறுங்கையால் உரசினால் குற்றி முன்னும் பின்னும் ஆடி, எந்த விளிம்பைக் கூராக்க விரும்புகிறோமோ அதையே மறுபடி மழுக்கிவிடும். நேர்கோணமாக அறுத்த கனமான கட்டையொன்றைக் கண்ணாடியின் மேல் நிறுத்தி, குற்றியை அதனோடு அழுத்திப் பிடித்து, ஒரே திசையில் மட்டும் இழுத்து, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். இப்போது உயரம் 19.7 செ.மீ., திணிவு மையம் 9.85 செ.மீ.யில், கணக்குப்படி பலகை 17.5 செ.மீ. உயர வேண்டும். குற்றி ஓரிரு மில்லிமீற்றருக்குள் அங்கேதான் விழுகிறது.

வழுக்காமல் இருக்கக் கீழ்ப்பக்கம் ஒரு சட்டத்தை அறைந்துவிடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எதிர்ப்பக்கம் ஏமாற்றும். 5 மி.மீ. உயரமான சட்டம், தன் மேல்விளிம்பில் குற்றியைத் தாங்கினால், அந்தத் தாங்கல் விசையின் திருப்பம் (சுழற்றும் விளைவு) கவிழ்தலை எதிர்க்கிறது. பலகை வழவழப்பானது என்று கொண்டால், தாஞ்சன் கணக்கில் வகுக்கும் 10 செ.மீ. இருந்த இடத்தில் 9.5 செ.மீ. வருகிறது; விளிம்பு கூராக இருந்திருந்தால் முதற்குற்றி 18.1 செ.மீ. வரை நின்றிருக்கும். இதில் ஆபத்தானது, மழுங்கிய விளிம்பும் இந்தச் சட்டமும் சேர்ந்தால் உயரம் ஏறத்தாழ 17 செ.மீ. ஆகி, விடை சரிபோலத் தோன்றுவது. இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்த அத்தகைய பரிசோதனையை மாணவருக்குக் காட்டி, கொள்கை நிறுவப்பட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்தது திண்மக் கூம்பு. அடி ஆரை 2.5 செ.மீ., உயரம் 20 செ.மீ. என்று கடைசல் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். அடிவிளிம்பில் தேய்க்கும் தாள் படவே கூடாது என்று வற்புறுத்தியும் இருக்கிறேன். திணிவு மையம் அடியிலிருந்து உயரத்தின் காற்பங்கில் இருப்பதால் தாஞ்சன் 0.5, பலகை 26.8 செ.மீ. உயர வேண்டும். அதே ஆரையும் உயரமும் உள்ள உருளை 14.6 செ.மீ.யிலேயே விழுந்துவிடும். இதைவிடக் குட்டையான கூம்பை வேண்டுமென்றே தவிர்த்தேன்: ஆரை 3, உயரம் 12 என்று எடுத்தால் தாஞ்சன் 1 ஆகிவிடும், அப்போது உராய்வுக் குணகம் 1ஐத் தாண்டாத எந்தத் தளத்திலும் அது கவிழுமுன் வழுக்கிவிடும்.

கூம்பு வந்ததும் கவிழ்ப்பதற்கு முன்பே அதைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன். அடிவிளிம்பில் ஒரு சிற்றாணி அடித்துத் தொங்கவிட்டால், திணிவு மையம் ஆணிக்கு நேர்கீழே வரும். அப்போது கூம்பின் அச்சு நிலைக்குத்துடன் ஆக்கும் கோணமும் கவிழும் கோணமும் ஒன்றே, ஏனெனில் இரண்டும் ஒரே செங்கோண முக்கோணத்திலிருந்து பிறக்கின்றன. முன்னதில் திணிவு மையம் விளிம்புப் புள்ளிக்கு நேர்கீழே, பின்னதில் நேர்மேலே, அவ்வளவே வேறுபாடு. விளிம்பு எவ்வளவு மழுங்கியது என்பது தொங்கலைப் பாதிப்பதில்லை என்பதால், இரு கோணங்களுக்கும் இடையிலான வித்தியாசமே மழுங்கலின் அளவைத் தந்துவிடும்.

அரைக்கோளத்தின் தட்டை முகத்தில் கூம்பை ஒட்டிய கூட்டுடலுக்கும் ஆயத்தம் தொடங்கிவிட்டேன். ஒரே பொருளால் ஆனால், கூம்பின் உயரம் ஆரையின் 1.732 மடங்குக்குக் குறைவாக இருக்கும்வரை, அரைக்கோளம் கீழே இருக்க அதைச் சாய்த்துவிட்டாலும் எழுந்து நிற்கும். ஆரை 4 செ.மீ. என்றால் எல்லை 6.93 செ.மீ. கூம்புக்குப் பதிலாக உருளை என்றால் எல்லை 2.83 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். மரத்தில் வைரம், வெளிறுத் தொல்லை இருப்பதால் இதை மெழுகில் வார்க்க எண்ணுகிறேன். மெழுகு ஆறும்போது சுருங்கி நடுவில் குழிந்துவிடும், தட்டை முகம் குழிந்தால் கணக்கே மாறும். ஆகையால் வார்ப்பச்சின் வாயில் ஒரு விரற்கடை உயரத்துக்கு அட்டை வளையம் சுற்றி, தேவைக்கு மேல் வார்த்து, இறுகிய பின் நேரான தகட்டால் சீவி எடுக்கத் தீர்மானித்திருக்கிறேன்.