நாலு கோடும் ஒரு குறுக்குக் கோடும்

2024 ஏப்ரல் 29, திங்கள். தண்டையார்பேட்டை

அக்கா வீட்டிலிருந்து குழந்தை சீட்டைக் கடன் வாங்கி வந்து ஹாலில் டிவிக்கு எதிரே வைத்திருக்கிறோம். பாப்பாவுக்கு நாலு வயது. இதுவரை காரில் ஏறினால் என் மடி, இல்லையென்றால் இரண்டு சீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டே வருவாள். நாங்கள் காரில் சுற்றப்போகும் மலேசியாவில் 2020 ஜனவரியிலிருந்து குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம். அங்கே போய் முதல்தடவை பெல்ட் மாட்டினால் ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் இரண்டு நாளாகச் சாப்பாடு, கார்ட்டூன் எல்லாம் பெல்ட் போட்டபடிதான்.

ஓட்டப்போவது நான். அவருக்கு லைசென்ஸ் உண்டு, பொறுமை கிடையாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட்டேன். ஒரு வருஷம் செல்லும். அங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். மலேசியா என்று முடிவானதற்குப் பாதிக் காரணம் அது. மீதி, போன டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம் என்பது.

மாமா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஏறும் இறங்கும் சரக்கை எண்ணுவதே வேலை. பேத்திக்கும் அந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக கேட்டுக்காகக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகள்தான் அவர்களுக்குப் பாடம். இன்று புது நோட்டு ஒன்று வாங்கி வந்தார். "எத்தினி பொட்டி பாத்தேன்னு தாத்தாவுக்குக் கணக்கு வரணும்."

மே 4, சனி. கோலாலம்பூர்

நாலு மணி நேர விமானம், இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம். குழந்தைக்கு எது ராத்திரி என்றே தெரியவில்லை. எனக்கும்தான். வாடகைக் காரை வாங்கியாகிவிட்டது. தூக்கம்.

மே 5, ஞாயிறு. ஈப்போ

விடியற்காலையில் பத்துமலை. 2006-ல் திறந்த 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்து அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாப்பா பார்க்கவில்லை, நோட்டை எடுத்துவிட்டாள். 272 படிக்கும் கோடு போடுவாளாம். ஐம்பதாவது படியருகே ஒரு குரங்கு யாரோ ஒருவரின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்க, கணக்கு அதோடு நின்றது. மீதிப் படிக்கு என் இடுப்புதான்.

வடக்கு நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்கே பயமாக இருந்தது. 110 வரை போகலாம். குறுக்கே மாடு இல்லை, ஆள் இல்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து பைக் இல்லை. பதற்றத்துக்கே வேலை இல்லாத சாலையில் எப்படி ஓட்டுவது என்று பழக அரை மணி நேரம் ஆனது. டோலில் காசு வாங்குவதில்லை, அட்டையைக் காட்ட வேண்டும். பெட்ரோல் பங்கில் பையன் வருவான் என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற அம்மாள் இறங்கி வந்து, "உள்ள போய் காசு கட்டிட்டு நீங்களே அடிச்சுக்கணும்லா" என்றார், நல்ல தமிழில்.

பின்சீட்டில் வேறு பிரச்சினை. கண்டெய்னர் லாரிகள் எக்கச்சக்கம், ஆனால் ஒன்றுகூட நிற்கவில்லை. பென்சில் தாளைத் தொடுவதற்குள் லாரி போய்விடுகிறது. "அம்மா, நிக்கச் சொல்லு" என்று ஒரே அழுகை. அவள் அறிந்த லாரி நிற்பதற்கென்றே பிறந்தது.

சாயங்காலம் பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து ரப்பர் தோட்டக்காரர் கட்ட ஆரம்பித்து, 1926-ல் லிஸ்பனில் இறந்துபோக, அரைகுறையாகவே நின்றுவிட்ட மாளிகை. கட்டியவர்கள் மெட்ராஸிலிருந்து போன தொழிலாளிகள். நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சலில் பலர் செத்துப்போக, மாரியம்மன் கோயில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவரும் கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அவரையே கூரையில் சாமிகளோடு நிறுத்திவிட்டார்கள், வெள்ளை கோட்டும் தொப்பியுமாக. மாளிகையைவிட அந்தப் பொம்மையைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊர்க்காரர்கள் யாருக்கும் கடன் வைப்பதில்லை.

மே 7, செவ்வாய். பினாங்கு

பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து நேற்றே வந்துவிட்டோம். ஆனால் கிளம்பும்போது மாமா சொன்னது கடல் வழி. 'சிதம்பரம்' கப்பல் மெட்ராஸிலிருந்து நாகப்பட்டினம் போய், அங்கிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த காலத்தில் அவர் அதற்குச் சரக்கு எண்ணியிருக்கிறார். ஒருநாளும் ஏறியதில்லை. 1985-ல் தீப்பிடித்த பிறகு அதன் ஓட்டம் முடிந்தது. இந்தப் பாலம் திறந்ததும் அதே வருஷம்தான். "பினாங்குல தண்ணிப் பக்கம் நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வாம்மா" என்று மட்டும் கேட்டார்.

அதற்காகவே ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி ஏறினோம். இப்போது அதில் கார் ஏறுவதில்லை, ஆட்களும் பைக்கும்தான். அக்கரையை நெருங்கியபோது பாப்பா கத்தினாள். கிரேன்கள். அவற்றுக்குக் கீழே சிவப்பு, நீலம், பச்சை என்று அடுக்கடுக்காகப் பெட்டிகள். எல்லாம் அசையாமல்! ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டு அட்டையிலும் போட்டாள். இறங்காமல் திரும்பியிருக்கலாம், ஆனால் இறங்கித்தான் ஏற வேண்டுமாம். மறுபடியும் எண்ணினாள்.

போட்டோவில் தண்ணீர் இருக்கிறது, அவள் முதுகு இருக்கிறது.

மே 9, வியாழன். தாப்பா

கேமரன் மலைக்கு நேற்று அகலமான சிம்பாங் புலாய் சாலையில் ஏறியது என் புத்தி. இறங்க அருவி வழியாகப் போகும் பழைய தாப்பா சாலையைச் சொன்னது அவர் புத்தி. சுமார் 60 கிலோமீட்டர், வளைவு முடிந்தால் வளைவு. பாதியில் பாப்பா சத்தமே இல்லாமல் மொத்தத்தையும் சீட்டில் கொட்டிவிட்டாள். அந்த சீட்டின் துணியைக் கழற்ற எத்தனை கொக்கி என்று இப்போது எனக்குத் தெரியும். அருவியைப் பார்த்தோம், துணி அலசுகிற நேரம் முழுக்க. அவரோடு தாப்பா வரை பேசவில்லை.

மே 11, சனி. தண்டையார்பேட்டை

விமான நிலையத்தில் கால் டாக்ஸியில் ஏறியதும் "என் சீட் எங்க?" என்றாள். டிரைவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஃபெர்ரி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். போட்டோவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம், "வியாழக்கிழமை காலியா கீதே?"

"அன்னிக்கு வாந்தி, தாத்தா."

"வேலை நின்னா காரணம் எழுதணும்மா. நாங்க மழைன்னு எழுதுவோம்." பேனாவை எடுத்து, காலிப் பக்கத்தின் நடுவில் 'வாந்தி' என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.