ராத்திரி போன கரண்டும் ஒரு 160-உம்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது, எங்கேயாவது ஒரு சில்வர் ஓக் கிளை கம்பி மேல் விழுந்தால் போதும். போன வாரம் ஒரு வோல்டேஜ் ரெஃபரன்ஸ் (கிட்டத்தட்ட மாறாத வோல்டேஜ் தரும் சர்க்யூட்) ராத்திரி முழுக்க எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க மல்டிமீட்டரை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ராத்திரி 2.10 மணிக்கு ஏழெட்டு ரீடிங்கைக் காணோம், அதற்கப்புறம் கடைசி இரண்டு இலக்கமும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. லேப்டாப்புக்கும் ரெஃபரன்ஸுக்கும் பேட்டரி உண்டு, மீட்டருக்குக் கிடையாது. அது அணைந்து எழுந்தபோது நான் வைத்திருந்த 100 பவர் லைன் சைக்கிளை (ஒரு ரீடிங்குக்குக் கரண்ட் அலையின் 100 சுற்று நேரம் அளப்பது, நம் 50 ஹெர்ட்ஸுக்கு 2 விநாடி) மறந்துவிட்டு, தன் வழக்கமான 10-க்குப் போய்விட்டது; அளக்கும் நேரம் குறைந்ததால்தான் அந்த ஆட்டம்.

எரிச்சல் என்னவென்றால், ஒவ்வொரு ரீடிங்குக்கும் பிறகு லேப்டாப்பில் என் புரோகிராம் மீட்டரின் ஸ்டேட்டஸ் பைட்டை (ஏதாவது நடந்ததா என்று சுருக்கமாக ஒரே எண்ணில் சொல்வது) கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ராத்திரி முழுக்க பதில் 0. சந்தேகம் வந்து கையால் *ஈஎஸ்ஆர்? அனுப்பினேன், மீட்டர் தனக்கு நடந்ததைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்டரைக் கேட்கும் கமாண்ட் அது. 160.

நடந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதன் கூட்டல்தான் பதில்; அதாவது 128-உம் 32-உம். 128 என்றால் பவர் ஆன். 32 கமாண்ட் எரர், அது தூக்கக் கலக்கத்தில் நான் முதலில் தப்பாகத் தட்டியது, மீட்டரின் எரர் பட்டியலில் -113 (இப்படி ஒரு கமாண்டே இல்லை) என்று உட்கார்ந்திருந்தது. இன்னொரு முறை கேட்டேன், 0. அந்த ரெஜிஸ்டரைப் படித்தாலே அழிந்துவிடும், அதனால் புரோகிராமில் ஒரே இடத்தில் மட்டும் படிப்பது நல்லது.

சரி, ஸ்டேட்டஸ் பைட் ஏன் வாயே திறக்கவில்லை? அந்த ரெஜிஸ்டரில் எதெல்லாம் ஸ்டேட்டஸ் பைட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வது *ஈஎஸ்ஈ; நான் அதை 60 என்று வைத்திருந்தேன், நாலு வகை எரருக்கு மட்டும்: 4, 8, 16, 32. பவர் ஆன் அதில் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை, பவர் வந்ததும் இந்த அமைப்பை அழிக்கலாமா என்று சொல்லும் *பிஎஸ்சி 1-இல் (அழி) இருந்ததால் கரண்ட் வந்ததும் அந்த 60-உம் பூஜ்ஜியமாகிவிட்டது. 1987-இல் வந்த ஐட்ரிபிள்ஈ 488.2 (இந்தக் கமாண்டுகளை வகுத்த தரநிலை) இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறது, மேனுவலில் அந்தப் பக்கத்தை நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

இப்போது *பிஎஸ்சி 0 (அழிக்காதே), அப்புறம் *ஈஎஸ்ஈ 188, பழைய 60-உடன் பவர் ஆனின் 128. பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன், ஸ்டேட்டஸ் பைட்டில் 32 வந்தது; இங்கே 32 கமாண்ட் எரர் இல்லை, அந்த ரெஜிஸ்டரைப் போய்ப் பார் என்று அர்த்தம். ஒரு யூபிஎஸ் வாங்கிவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.