குட்டையில் யாரும் விஷம் கலக்கவில்லை

போன ஐப்பசியில் ஒரு நாள், காலை ஆறு மணி ஆகியிருக்காது, மாமாவிடமிருந்து போன். "பாப்பா, குட்டையில எவனோ மருந்து ஊத்திட்டான். மீனெல்லாம் மெதக்குது, நீ உடனே வா" என்றார். குரல் சரியாக இல்லை. அவர் ஊர் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மூன்று கிலோமீட்டர். நான் படித்ததும் இப்போது ஆய்வு செய்வதும் மீன்களின் உடலியக்கம்தான், அதனால் குடும்பத்தில் யாருக்கு மீன் செத்தாலும் போன் எனக்கு வரும். பாட்டில்களை ஒரு கட்டைப் பையில் எடுத்துக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது கரையில் பத்துப் பதினைந்து பேர். மாமாவுக்கும் பக்கத்து நிலத்துப் பங்காளிக்கும் வரப்புத் தகராறு பல வருஷமாக இருக்கிறது, அதனால் யார் ஊற்றினது என்பதில் கூட்டத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். நான் மாமாவிடம் கேட்டது ஒன்றுதான்: ஒரு அரை மணி நேரம் பொறுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் போகலாம்.

செத்து மிதந்தவை எல்லாம் பெரிய மீன்கள். கட்லா, ரோகு, ஒரு கிலோவுக்கு மேல் வந்தவை, வாய் அகலத் திறந்திருந்தது, செவுள் மூடி விரிந்திருந்தது. சின்னக் குஞ்சுகள் ஓரத்தில் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தன. நத்தைகள் தண்ணீரை விட்டு மேலே ஏறி ஈர மண்ணில் ஒட்டியிருந்தன. தவளை துள்ளுகிறது, தண்ணீர்ப் பூச்சிகள் எப்போதும்போல மேலே ஓடுகின்றன. அப்புறம் மழைத் தண்ணீரோடு எப்படியோ உள்ளே வந்துவிட்ட ஒரு விரால், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

அந்த விரால்தான் எனக்கு முதல் சாட்சி. பூச்சிமருந்தாக இருந்தால் முதலில் சாவது பூச்சியும் குஞ்சும்தான், பெரிய மீன் தாக்குப்பிடிக்கும். இங்கே நேர் எதிராக நடந்திருக்கிறது. நோயாக இருந்தால் நாளுக்கு நாலைந்து என்று ஆரம்பித்து ஏறும், உடம்பில் புண்ணோ சிவப்போ தெரியும். ஒரே ராத்திரியில் இப்படி மொத்தமாகப் போகாது. காற்றைச் சுவாசிக்கிற பிராணி எல்லாம் பிழைத்திருக்கிறது, தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனை மட்டும் நம்பியிருந்த பெரிய மீன்கள் செத்திருக்கின்றன என்றால், அந்த ராத்திரி குட்டையில் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். விராலுக்கு செவுளுக்கு மேலே காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்க ஒரு தனி அறை இருக்கிறது. அதை மேலே வரவிடாமல் வலையால் தடுத்துவைத்தால் அது தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அப்படி ஒரு அறை கிடையாது.

மாமா நம்பவில்லை. "தண்ணியிலயே பொறந்து தண்ணியிலயே வளர்றது, அதுக்கு எப்படிம்மா மூச்சு முட்டும்?" என்றார். நியாயமான கேள்வி. நான் படிக்கப் போவதற்கு முன்னால் எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது.

நாம் இழுக்கிற காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். தண்ணீரில் 25 டிகிரியில் காற்றிலிருந்து அதிகபட்சம் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். அதே அளவு காற்றில் இருப்பதைவிட முப்பது மடங்குக்கு மேல் குறைவு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியும்கூட. அவ்வளவு கனமான ஒன்றை வாய் வழியாக இழுத்துச் செவுள் வழியாகத் தள்ளி, அதிலிருக்கிற கொஞ்சத்தை மீன் உறிஞ்சியாக வேண்டும். அதனால்தான் செவுளின் அமைப்பு அப்படி. ஒவ்வொரு இழையிலும் தகடு தகடாக மெல்லிய மடிப்புகள், மடிப்புக்குள் ரத்தம் ஒரு திசையில் போகும், வெளியே தண்ணீர் எதிர்த் திசையில் ஓடும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் பாதியோடு நின்றுவிடும். எதிரெதிராக ஓடுவதால் ரத்தம் போகிற வழியெல்லாம் தன்னைவிட ஆக்சிஜன் கூடுதலாக உள்ள தண்ணீரையே சந்தித்துக்கொண்டு போகிறது, தண்ணீரில் இருப்பதில் 80 சதவீதம் வரைகூட எடுத்துவிட முடிகிறது. எனக்கு இது எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. நம் நுரையீரல் உள்ளே இழுத்த ஆக்சிஜனில் எடுப்பது நாலில் ஒரு பங்குதான்.

ஆனால் எவ்வளவு நல்ல செவுளாக இருந்தாலும் தண்ணீரில் இருந்தால்தானே எடுக்க முடியும்?

குட்டையில் ஆக்சிஜனை உண்டாக்குவது பெரும்பாலும் பாசி. தண்ணீரைப் பச்சையாக்குகிற, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. வெயில் இருக்கும்வரை ஆக்சிஜனை விடும். பொழுது சாய்ந்ததும் அதுவும் மீனைப்போலவே மூச்சுவிட ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்கப் பாசியும் அடிச் சேற்றிலுள்ள பாக்டீரியாவும் மீனும் ஒரே இருப்பிலிருந்துதான் எடுக்கின்றன, அதில் மீனின் பங்கு பல நேரம் மற்ற இரண்டையும்விடக் குறைவு. அதனால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் குட்டையின் மிக மோசமான நேரம். மாமா குட்டைக்கு வாராவாரம் சாணி கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார், தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருப்பதில் அவருக்குப் பெருமை. அதற்குமேல் அந்த வாரம் நாலு நாள் தொடர்ந்து மூட்டம், வெயிலே இல்லை. பகலில் சேரவேண்டியது சேரவில்லை, ராத்திரிச் செலவு மட்டும் அப்படியே நடந்தது.

சொன்னால் போதாது, அளந்து காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பாட்டில்களைக் கொண்டுபோனது அதற்குத்தான். கையடக்க மீட்டர்கள் இப்போது இருக்கின்றன, ஆனால் எனக்கு இன்னமும் பழைய விங்க்ளர் முறைமேல்தான் நம்பிக்கை. லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரிக்காரர் 1888-ல் கொடுத்தது. காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். மாமாவின் கண் முன்னால் விட்டேன். ஏறக்குறைய வெள்ளை. பக்கத்திலிருந்த தொட்டித் தண்ணீரில் அதையே செய்தேன், நல்ல பழுப்பு. மீதியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அமிலம் விட்டு, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறைகிறதா என்று பார்த்துக் கணக்குப் போட்டபோது லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் வந்தது. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்கு 5 இருந்தால் நல்லது, 3-க்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறைந்துவிடும், 1-க்குக் கீழே ரொம்ப நேரம் தாங்காது. ஆனால் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே, அந்த இரண்டு பாட்டிலைப் பார்த்ததும் மாமா பைக் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பங்காளியைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு மனம் ஆறாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. அன்று விடியற்காலை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதை மாமா பார்த்திருக்கிறார். ஏதோ ஆபத்து என்று தோன்றி, போர் மோட்டாரைப் போட்டுக் குழாயைக் குட்டையின் அடிவரை இறக்கிவிட்டிருக்கிறார். அவர் போர் 800 அடிக்கு மேல். அவ்வளவு ஆழத்திலிருந்து நேராக வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அதை அடியில் விட்டதால் சேறு கிளம்பியதுதான் மிச்சம். அதே தண்ணீரைக் கரைமேலிருந்து உயரமாக, ஓட்டை போட்ட தகரத்தின்மேலோ ஒரு கல்லின்மேலோ அடித்துச் சிதறவிட்டிருந்தால் விழும்போதே காற்றை வாங்கிக்கொண்டு விழுந்திருக்கும். பாதி மீனாவது பிழைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். மோட்டார் இருந்தது, கரண்ட் இருந்தது, ஆள் விழித்திருந்தார். ஒரு தகரம் இல்லாமல் போய்விட்டது.

மீன் அப்படி மேலே வந்து வாய் பிளப்பதற்கும் காரணம் உண்டு. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் ஏட்டுத் தண்ணீரில், ஒரு சில மில்லிமீட்டர் அளவுக்கு, கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். அதைத்தான் அது தேடி வருகிறது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற தங்கமீனுக்கு இன்னும் பெரிய வித்தை தெரியும். ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் கொஞ்ச நாள் அது உயிரோடு இருக்கும். தசையில் சேருகிற அமிலக் கழிவை எத்தில் ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டுவிடும். அதன் சொந்தக்காரனான குரூசியன் கெண்டை ஐரோப்பாவில் மேலே பனி உறைந்த குளத்துக்கு அடியில் குளிர்காலத்தை இப்படித்தான் ஓட்டுகிறது. நம் கட்லா இத்தனைக்கும் அதே கெண்டைக் குடும்பம், ஆனால் அதற்கு அது வராது. குளிர்ந்த தண்ணீரில் உடம்பின் தேவையும் குறைவு. நம் ஊரில் சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகச் சூடாக மீனின் தேவை ஏறும், தண்ணீரில் கரைகிற அளவோ இறங்கும்.

அந்த வாரமே ஊரில் ஒருவர், கடையில் சொன்னார்கள் என்று ஒரு ஆன்டிபயாட்டிக் டப்பாவை வாங்கிவந்து மாமாவிடம் கொடுத்தார். மிச்சமிருக்கிற மீனாவது பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். மூச்சுத் திணறலுக்கு ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும்? மீன் தன் அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் தண்ணீரில் விடுகிறது, அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தண்ணீரைக் காப்பாற்றுவது பாக்டீரியாக்கள். மருந்தை ஊற்றினால் அவையும் சேர்ந்து போகும். நைட்ரைட் கூடினால் மீனின் ரத்தமே காப்பித் தூள் நிறத்துக்கு மாறி, ஆக்சிஜனைத் தூக்கும் சக்தியை இழந்துவிடும். அதற்குக் கல்லுப்பு போடலாம், செவுளில் நைட்ரைட் நுழைகிற இடத்தை உப்பிலுள்ள குளோரைடு பிடித்துக்கொள்ளும். உப்பு விலை எல்லோருக்கும் தெரியும், அந்த டப்பாவின் விலையை நான் எழுத விரும்பவில்லை.

மாமாவின் குஞ்சுகள் கிருஷ்ணகிரி அணையில் இருக்கிற அரசு மீன் பண்ணையிலிருந்து வாங்கியவை. பாலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர், மேலே ஆக்சிஜன் அடைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். அந்தக் குஞ்சு கிடைப்பதற்கே பின்னால் ஒரு உடலியக்க ஆய்வு இருக்கிறது. குளத்தில் அடைத்த கட்லா, ரோகு தானாக முட்டை விடாது. ஒரு காலத்தில் ஆற்றில் வெள்ளம் வரும்போது வலை போட்டுத்தான் குஞ்சு பிடித்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, அலிக்குன்ஹி என்ற இரண்டு மீன் ஆய்வாளர்கள் மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். இன்றும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் நாள். அந்த அறிவு பையில் கட்டி எங்கள் மாமா வீடு வரை வந்துவிட்டது. குட்டை வெட்ட மானியம் வந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு அந்தக் குட்டைக்கு என்ன ஆகும் என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குஞ்சு விட்ட அன்று நானும் கரையில் நின்று போட்டோ எடுத்தேன்.

மூட்டம் விலகிய பிறகு ஒரு ராத்திரி மாமா வீட்டிலேயே தங்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்தோம். அவர் டார்ச் பிடித்தார். மாலை ஆறு மணிக்கு லிட்டருக்கு 10.4 மில்லிகிராம் (பகல் வெயிலில் பாசி விட்டது, காற்றிலிருந்து கரைகிற அளவையும் தாண்டிவிட்டது), ஒன்பதுக்கு 7.1, நடு ராத்திரி 4.2, மூன்று மணிக்கு 2.3, ஐந்தரைக்கு 1.4. நல்ல வெயில் அடித்த நாளிலேயே இப்படி. அத்தை அந்த எண்களைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

சாணி நிறுத்தியாகிவிட்டது. மூட்டம் போட்டால் அன்று தீனி கிடையாது. கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, உள்ளங்கை தெரியாமல் போனால் பாசி அதிகம் என்று மாமாவே கண்டுபிடித்துக்கொள்கிறார். தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டுக் கரையில் கட்டிவைத்திருக்கிறார். போன மாதம் ஒரு நாள் நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. "மீனு மேல வருது பாப்பா. மோட்டாரு போட்டுட்டேன். நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் அப்புறம் தூங்கவில்லை. ஏழு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டபோது எல்லாம் உள்ளே போய்விட்டன, ஒன்றும் மிதக்கவில்லை என்றார்.

பென்னாகரம், பாலக்கோடு, பாரூர் பக்கம் குட்டையில் மீன் விட்டிருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு உதவி செய்யுங்கள். மீன் மேலே வருகிற நேரம், முந்தின நாள் வெயிலா மூட்டமா, தண்ணீரின் நிறம், எந்த மீன் முதலில் வருகிறது, இவ்வளவையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். இந்த ஐப்பசிக்கு முன்னால் நான் பாட்டில்களோடு வருகிறேன்.