ஏரிச் சம்பும் இங்கிலாந்துக் குளிரும்

பீட்டர்பரோவுக்குப் போன புதிதில் குளிருக்கு எதை வாங்குவது என்றே பிடிபடவில்லை. கடையில் உப்பலான ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கும். விலை கூடியதற்குள் வாத்து இறகு, குறைந்ததற்குள் பாலியஸ்டர், அதாவது பெட்ரோலியம். முதல் சம்பளம்கூடக் கைக்கு வராத நேரம், பாலியஸ்டரையே எடுத்தேன். குறை சொல்ல முடியாது, காற்றோடு மழை அடிக்கும் ஊரில் அதுதான் காப்பாற்றியது.

மூன்றாவதாக ஒன்று உண்டு என்று கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்கா சொன்னார். நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஏரிகளில் மண்டிக் கிடக்குமே சம்பு, அதன் கதிர்ப் பஞ்சு. லண்டனில் இம்பீரியல் கல்லூரியிலும் ராயல் கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள் தொடங்கிய நிறுவனம் அதைச் செய்கிறது. அதன் பெயர் முன்பு சால்டிகோ, இப்போது பாண்டா (Ponda). பஞ்சுக்கு வைத்த பெயர் பயோபஃப்.

லீவில் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இதைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார்.

"ஆளுக்குக் கூலி குடுத்துப் புடுங்கிப் போடறோம் அம்மிணி. அதைப் போயி வெதைக்கறாங்களா?"

விதைக்கத்தான் செய்கிறார்கள். காரணம் அந்த மண். பீட்டர்பரோவுக்குத் தெற்கே ஹோம் ஃபென் என்றொரு இடம். 1851-ஐ ஒட்டி அங்கிருந்த பெரிய ஏரியை வற்ற வைத்தபோது, தரைமட்டத்துக்கு இறக்கிய இரும்புத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் வளரவில்லை, நிலம் இறங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல் சேர்ந்த செடிகொடிகள்தான் அந்தக் கறுப்பு மண். வடிகால் வெட்டிக் காயவிட்டால் காற்றுப் பட்டு மக்கி, கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். மறுபடி தண்ணீர் கட்டினால் மக்குவது நிற்கும். ஆனால் தண்ணீர் நிற்கும் வயலில் உருளைக்கிழங்கு வருமா? காலை நனைத்துக்கொண்டே வளரும் பயிர் வேண்டும், அதற்குத்தான் சம்பு. ஹோம் ஃபென்னும் அடங்கிய கிரேட் ஃபென் சதுப்பு நிலத்தில் பாத்தி கட்டி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் பேச்சு போதவில்லை. ஏரிக்கரையில் முற்றிய கதிர் ஒன்றை ஒடித்து வந்து முறத்தில் வைத்துத் திருகினார். பிதுங்கியது, பிதுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கதிரில் லட்சத்துக்கு மேல் விதை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பறக்க மயிர் உண்டு. "ஃபேனை நிறுத்துடீ!" என்று கத்துவதற்குள் ஆசாரம் முழுக்க வெள்ளை. சாயங்காலம் சாம்பார்ச் சட்டியிலும் ஒன்றிரண்டு மிதந்தன.

"இதுக்கு நம்ம இலவம்பஞ்சு பத்தாதா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். இரண்டாம் உலகப்போரில் ஜாவா இலவம்பஞ்சு வரத்து நின்றுபோனதும், உயிர்காப்பு உடைகளுக்கு அடைக்க அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை விட்டு எருக்கு இனத்துக் காய்களைப் பொறுக்க வைத்தார்கள். பஞ்சு எதுவானாலும் சூடு தருவது அது பிடித்து வைக்கும் காற்றுதான். ஆனால் இலவ மரம் இங்கிலாந்துக் குளிரில் வராது, அந்தச் சேற்றையும் காப்பாற்றாது.

அப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஏரி தண்ணி தேக்கி வெள்ளாமை பண்ண. இது மண்டுனா மதகு அடைச்சுக்கும்," என்றார். இங்கே அவர் சொல்வதுதான் சரி. இந்த மண் வேறு, அந்த மண் வேறு.

என் பாலியஸ்டர் ஜாக்கெட் இன்னும் கிழியவில்லை. கிழியும்வரை அதுதான். புதிதாக வருகிறவர்கள் கேட்டால், முதல் குளிருக்கு சாரிட்டி கடையில் பழசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.